அடியளவும் ஆண்டளவும்

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளுக்கு முன்னர் நூலக மாடியில் ஒரு நீள்மேசையைச் சுற்றிப் பதினொருவர் அமர்ந்து தொடங்கிய வட்டம் இது. அந்த மேசையின் ஒரு கால் ஆடும். அதன் கீழே மடித்து வைத்த அட்டையை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் யாரேனும் ஒருவர் குனிந்து சரிசெய்வார். அன்று அப்படிக் குனிந்தவர்கள் சிலர் இன்று இவ்வவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். பத்தாண்டு நிறைவையொட்டி மலர் ஒன்று வெளியிடுவதென்று செயற்குழு முடிவு செய்தபோது, அதன் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியாக ‘நாளைய கவிஞர் பதின்மர்’ என்னும் பட்டியலை வெளியிடுவதென்றும் தீர்மானித்தது. நாற்பது வயதுக்கு உட்பட்ட பத்துக் கவிஞர்களைத் தேர்ந்து, ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டு, ஒளிப்படத்துடன் வெளியிடுவது திட்டம். தேர்வுக் குழுவில் என்னையும் ஒருத்தியாக அமர்த்தினீர்கள். அந்த மகிழ்ச்சியில் நான் உடனே இசைந்துவிட்டேன்.

பின்னர் விண்ணப்பப் படிவம் அச்சாகி வந்தது. முதல் வரி பெயர். இரண்டாம் வரி வயது. மூன்றாம் வரி தொழில். அதன்பின் பெற்ற பரிசுகள், வெளியான நூல்கள், முகவரி. கடைசியாக, ‘கவிதைகளைத் தனித்தாளில் இணைக்கவும்’ என்றொரு குறிப்பு. படிவத்தை அச்சிட்டவரை நான் குறை கூறவில்லை. நாம் கேட்டதைத்தான் அவர் அச்சிட்டார். ஆயினும் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது என் மனத்தில் ஓர் உறுத்தல் தோன்றியது. இவ்வாறு ‘நாளைய’ மனிதர்களை இன்றே எண்ணிக் காட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது, அது எப்படி நடந்தேறியிருக்கிறது என்று தேடிப் படிக்கலானேன். படித்ததை உங்கள்முன் வைத்து, அதன்மேல் ஒரு வேண்டுகோளையும் வைப்பதே இன்றைய என் உரை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. ஆகவே, ‘இந்த அம்மையார் தம் வயிற்றெரிச்சலைத்தான் பேசுகிறார்’ என்று நீங்கள் கருத இடமுண்டு. நான் கவிதை எழுதுபவள் அல்லேன், படிப்பவள். அந்த அளவில் என் வயிறு குளிர்ந்தே இருக்கிறது.

அமெரிக்காவின் ‘டைம்’ இதழிலிருந்து தொடங்குகிறேன். 1974ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்விதழ் ‘எதிர்காலத்தின் இருநூறு முகங்கள்’ என்ற பொருளில் ஒரு நீண்ட பட்டியலை வெளியிட்டது. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்படாத அமெரிக்கர் இருநூறு பேர் அதில் இடம்பெற்றனர். வெளியிட்ட காலத்தை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். வாட்டர்கேட் ஊழல் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே, ஆகஸ்டில், குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகினார். இருக்கின்ற தலைவர்மேல் நம்பிக்கை அற்றுப்போன ஒரு நாடு, இனி வரப்போகும் தலைவரை முகம் முகமாகத் தேடிப் பார்த்தது என்று அப்பட்டியலைக் கொள்ளலாம். அத்தேடல் இழிவானதன்று.

அவ்விருநூறு முகங்களுள் ஒன்று டெலவேர் மாநிலத்தின் இளம் செனட்டர் ஜோ பைடனுடையது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்புதான் மனைவியையும் கைக்குழந்தையான மகளையும் சாலை விபத்தில் பறிகொடுத்திருந்தார். இதழின் கணிப்பு பலித்தது. 2021 ஜனவரியில் அவர் குடியரசுத் தலைவரானார். ஆனால் அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. எதிர்காலம் என்று எழுதியவர்கள் நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எதிர்காலத்தை எண்ணியிருப்பார்களா என்பது ஐயமே. 2024 ஜூலையில், வயது எண்பத்தொன்றாக இருந்தபோது, முதுமை பற்றிய கேள்விகள் நாடெங்கும் எழுந்த நிலையில் மறுதேர்தல் களத்திலிருந்து அவர் விலகினார். இளமைக்காகப் பட்டியலில் ஏறிய ஒருவர் முதுமைக்காகப் பட்டியலிலிருந்து இறங்கினார். இடையிலே அவர் என்ன செய்தார், என்ன செய்யத் தவறினார் என்பதுதான் வரலாற்றின் கேள்வி. அக்கேள்விக்கு அவருடைய பிறந்த தேதி தொடக்கத்திலும் விடை சொல்லவில்லை, முடிவிலும் சொல்லவில்லை.

இரண்டாவதாக, ‘ஃபோர்ப்ஸ்’ என்னும் வணிக இதழ். 1917இல் தொடங்கப்பட்ட பழைய இதழ். 2011இல் ‘முப்பதுக்குள் முப்பதின்மர்’ என்னும் பட்டியலைத் தொடங்கியது. முப்பது வயதுக்கு உட்பட்டோராய்த் துறைதோறும் முப்பது பேர் என்பது முறை. துறைகள் பெருகி இருபதாகவே, அமெரிக்கப் பட்டியல் மட்டும் அறுநூறு பேரைக் கொண்டதாயிற்று. 2014 முதல் அவ்விதழின் இந்தியப் பதிப்பும் இத்தகைய பட்டியலை வெளியிடத் தொடங்கியது. நம் ‘இன்னா நாற்பது’ நாற்பது வெண்பாக்களோடு நின்றுவிட்டது. வாணிகத்தில் எண்ணுப்பெயர்கள் அவ்வளவு கட்டுப்பாடாக இருப்பதில்லை.

இப்பட்டியலின் அளவுகோல் யாது? தொடங்கிய தொழிலின் வேகம், திரட்டிய முதலீடு, ஈட்டிய புகழ். இவை மிக இளம் வயதில் ஒருவரிடம் காணப்படுமாயின் அது வியப்புக்கு உரியதே. அவ்வியப்பைத்தான் இதழ் விற்கிறது. 2021 பட்டியலில் இடம்பெற்ற சாம் பேங்க்மன் ஃபிரைடு, எஃப்.டி.எக்ஸ். என்னும் கிரிப்டோ நாணயச் சந்தையை நிறுவியவர். 2022இல் அது சரிந்தது. 2024 மார்ச்சில் அவருக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019 பட்டியலில் இடம்பெற்ற சார்லி ஜாவிஸ் என்னும் பெண்மணி, மாணவர் நிதியுதவிக்கு வழிகாட்டும் தம் நிறுவனத்தை ஜே.பி. மார்கன் சேஸ் வங்கிக்கு 17.5 கோடி டாலருக்கு விற்றார். 42 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் தம்மிடம் பதிந்திருப்பதாக அவர் காட்டினார். உண்மையில் இருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இல்லாத மாணவர்களின் பெயர்களைக் கொண்டு ஒரு பட்டியலே உருவாக்கப்பட்டது என்பது வழக்கின் சாரம். 2025 மார்ச்சில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி எனக் கண்டது. செப்டம்பரில் ஏழாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பட்டியலால் ஏறியவர் பட்டியலாலேயே வீழ்ந்தார் என்பதை என் மாணவியர் கேட்டால் கதை என்பார்கள்.

இதழின் நேர்மையையும் சொல்லத்தான் வேண்டும். 2023 நவம்பரில் ஃபோர்ப்ஸ் தானே முன்வந்து, தான் தேர்ந்தவர்களுள் திரும்பப் பெற விரும்பும் பத்துப் பெயர்களை வெளியிட்டது. மேற்சொன்ன இருவரும் அதில் உண்டு. தவறிய தேர்வுகளுக்கும் ஒரு பட்டியலா என்று சிரிக்கத் தோன்றும். ஆயினும் நம் ஊரில் எத்தனை பரிசுக் குழுக்கள் இத்தகைய பின்னோக்கிய கணக்கை எழுதியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

அரசியலும் வாணிகமும் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம். இம்முறை இலக்கியத்துக்குள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதே நம் கவலை. அதற்கு ஒரு நல்ல சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. ‘கிராண்டா’ என்பது கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1889இல் தொடங்கிய இதழ். அவ்வூர் ஆற்றின் பழம்பெயரே இதழின் பெயர். 1979இல் பில் பியூஃபர்டும் நண்பர்களும் அதற்குப் புத்துயிர் ஊட்டினர். 1983இல் அதன் ஏழாம் இதழாக ‘இளம் பிரித்தானிய நாவலாசிரியருள் சிறந்தோர்’ என்ற சிறப்பிதழ் வெளிவந்தது. நாற்பது வயதுக்கு உட்பட்ட இருபது பேர். அதுமுதல் 1993, 2003, 2013, 2023 எனப் பத்தாண்டுக்கு ஒருமுறை அப்பட்டியல் வெளியாகி வருகிறது. நம் வட்டமும் பத்தாண்டுக் கணக்கில் நிற்பதால் இந்த எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது.

முதற்பட்டியல் இதழாசிரியரின் இலக்கியக் கனவிலிருந்து மட்டும் பிறந்ததன்று. புத்தக விற்பனையைப் பெருக்குவதற்காக இயங்கிய புக் மார்க்கெட்டிங் கவுன்சில் என்னும் அமைப்பு வகுத்த திட்டம் அது. சவர்க்காரத்தையும் தேநீரையும் விளம்பரப்படுத்துவதுபோல நாவலையும் ஏன் விளம்பரப்படுத்தக் கூடாது என்னும் வணிக எண்ணமே அதன் வித்து. வித்து எதுவாயினும் விளைந்தது நல்ல விளைச்சல். இருபதின்மரில் ஒருவரான சல்மான் ருஷ்டி 1981இலேயே புக்கர் பரிசு பெற்றிருந்தார். பின்னர் கசுவோ இஷிகுரோ 1989இலும், பாட் பார்க்கர் 1995இலும், கிரகாம் ஸ்விஃப்ட் 1996இலும், இயன் மெக்கியூவன் 1998இலும், ஜூலியன் பார்ன்ஸ் 2011இலும் அதே பரிசைப் பெற்றனர். நாகசாகியில் பிறந்து ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு வந்த இஷிகுரோ, தேர்வின்போது இருபத்தெட்டு வயதினர், ஒரே ஒரு நாவலை வெளியிட்டிருந்தவர். 2017இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவு கூரிய கண்கொண்ட தேர்வு எந்நாட்டு இலக்கியத்திலும் அரிது எனலாம். அதே இருபதின்மருள் இன்று அதிகம் பேசப்படாதவர்களும் உளர். ஷிவா நைபால் 1985இலேயே, நாற்பது வயதில், காலமானார். நாளையவர் என்று நாம் சொல்வதால் நாளை அவருக்கு வாய்த்துவிடுவதில்லை.

நடுவர்கள் விதியை நெகிழ்த்த வேண்டியபோது நெகிழ்த்தியும் இருக்கிறார்கள். ஆடம் மார்ஸ் ஜோன்ஸ் 1983இலும் 1993இலும் ‘சிறந்த இளம் நாவலாசிரியர்’ எனத் தேர்வானார். அவருடைய முதல் நாவல் 1993இல்தான் வெளிவந்தது. அதாவது, நாவல் எழுதாமலே நாவலாசிரியர் பட்டம் பெற்றவர். 1993 பட்டியலில் இருந்த ஹெலன் சிம்ப்சன் சிறுகதைகளாலேயே அறியப்பட்டவர். 2003இல் மோனிகா அலி நூல் வெளிவருமுன்னர், கையெழுத்துப் படியைக் கொண்டே தேர்வு செய்யப்பட்டார். இவற்றைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். நாவல் என்னும் விதி தளர்ந்திருக்கிறது. நூல் என்னும் விதி தளர்ந்திருக்கிறது. நாற்பது வயது என்னும் விதி மட்டுமே இறுகி நின்றது.

அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று பாருங்கள். 1943 மே மாதம் பிறந்தவர் பாட் பார்க்கர். பல ஆண்டுகள் எழுதியும் வெளியீட்டாளர் கிடைக்காமல், முதல் நாவலை 1982இல் முப்பத்தொன்பது வயதில் வெளியிட்டார். 1983 தொடக்கத்தில் பட்டியல் வந்தபோது நாற்பது நிறையச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. கதவு மூடுமுன் காலை வைத்துவிட்டார்.

ஹிலரி மேன்டல் 1952 ஜூலையில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதிலேயே பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய பெரிய நாவல் ஒன்றைத் தொடங்கினார். 1979இல் அதை முடித்தார். ஏற்பார் இல்லை. இடையே கடும் நோய். அறுவை சிகிச்சைக்குப் பின் மகப்பேற்றுக்கு வழியில்லாமல் போயிற்று. கணவரின் பணி காரணமாகப் போட்ஸ்வானாவிலும் சவூதி அரேபியாவிலும் வாழ்க்கை. 1983இல் முதற்பட்டியல் வெளியானபோது அவருக்கு முப்பது வயது. கையில் முடித்த நாவல் இருந்தது, அச்சிட்ட நூல் இல்லை. முதல் நூல் 1985இல் வெளிவந்தது. ஒதுக்கப்பட்ட அந்தப் புரட்சி நாவலும் 1992இல் அச்சேறியது. 1993இல் இரண்டாம் பட்டியல் வெளியானபோது அவருக்கு நாற்பது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. முதற்பட்டியலுக்கு நூல் இல்லை, இரண்டாம் பட்டியலுக்கு வயது இல்லை. இரண்டு பட்டியல்களுக்கு நடுவில் ஒரு பெண் பத்தாண்டுகள் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் இருக்கிறது. 2009இலும் 2012இலும் புக்கர் பரிசு பெற்று, அப்பரிசை இருமுறை பெற்ற முதற்பெண்மணி என்னும் சிறப்புடன் 2022இல் அவர் மறைந்தார்.

பட்டியலில் இல்லாததால் மேன்டலுக்கு என்ன குறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். அவருக்கு ஒன்றும் குறையாமல் இருக்கலாம். அவர் பெரிய எழுத்தாளரானதால்தான் அவர் விடுபட்டது நமக்குத் தெரிகிறது. அவ்வளவு மனவலி இல்லாமல் இடையில் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டவர்களின் பெயரை எந்த இதழில் தேடுவது?

இன்னொரு பெண்மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983 பட்டியலில் இருந்தவர் புச்சி எமெச்சேட்டா. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் மணம். கணவரோடு லண்டனுக்கு வந்து, இருபத்திரண்டு வயதுக்குள் ஐந்து குழந்தைகளுக்குத் தாயானவர். அவர் எழுதிய முதல் நாவலின் கையெழுத்துப் படியைக் கணவர் எரித்தார். குழந்தைகளுடன் அவரைவிட்டு வெளியேறி, வேலை பார்த்து, படித்து, எழுதி, 1972இல் தம் முதல் நூலை வெளியிட்டார். எரிந்துபோன நாவலை மீண்டும் எழுதினார். அது 1976இல் வெளிவந்தது. தேர்வானபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. நெருப்பு தின்ற ஆண்டுகளைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? வயது என்னும் கட்டம் எல்லாருடைய ஆண்டையும் ஒரே நீளமாக எண்ணுகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஓராண்டு எவ்வளவு நீளம் என்பதை இவ்வவையில் உள்ள பெண்கள் அறிவார்கள். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இரண்டு ஆண்டுகள் அரிசி டின்னின்மேல் இருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்தபோது எனக்கு முப்பத்தேழு வயது.

கிராண்டாவின் முதற்பட்டியலில் பெண்கள் அறுவர். 1993இலும் அறுவரே. 2003இல் எண்மர். 2013இல் பன்னிருவர். 2023இல் ஆண்கள் நால்வரே. ஆகவே காலம் மாறித்தான் வந்திருக்கிறது. இனிய மாற்றம். ஆயினும் நாற்பது என்னும் வேலி அங்கேயே இருக்கிறது. அறுபது வயதில் முதல் நாவலை வெளியிட்டு, 1979இல் அறுபத்திரண்டாம் வயதில் புக்கர் பரிசு பெற்ற பெனிலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் அம்மையார் அந்நாட்டில்தான் இருந்தார். எழுத்தில் அவர் அன்று இளையவர், புதியவர். ஆனால் ‘இளம்’ என்னும் சொல்லுக்குள் அவரை அடக்க எவருக்கும் தோன்றாது. நம் மக்கள் மனத்தில் கவிஞர் என்றால் நரைத்த கூந்தலும் கோலுமாய் நடக்கும் ஔவையார் வருகிறார். இளமையே வேண்டாமென்று முதுமையைக் கேட்டுப் பெற்றவர் என்று அவரைப் பற்றிக் கதையும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அக்கதையின் பின்னே உள்ள துன்பம் வேறு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

கிராண்டாவிடம் நான் கற்றுக்கொண்ட நல்லதொன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அது முதல்வர், இரண்டாமவர் என்று எண்ணிடவில்லை. பெயரை அறிவித்ததோடு நிற்கவுமில்லை. தேர்ந்தவர்களின் எழுத்தையே இதழாக்கித் தந்தது. ஏன் இவரைத் தேர்ந்தீர்கள் என்று கேட்கும் வாசகரிடம், ‘இதோ, படித்துப் பாருங்கள்’ என்று நீட்டுவதற்கு நடுவர் கையில் பக்கங்கள் இருந்தன. ஃபோர்ப்ஸ் நீட்டியது முகமும் தொகையும். தொகை பொய்யானபோது முகம் மட்டும் எஞ்சியது.

இவ்விடத்தில் என் ஆய்வுப் பொருளை நான் தொடாமல் போனால் என் நெறியாளர் மன்னிக்க மாட்டார். நம்மிடமும் பட்டியல் உண்டு. தொகை என்று அதற்குப் பெயர். பூரிக்கோ என்பவர் குறுந்தொகையைத் தொகுத்தார். கூடலூர் கிழார் ஐங்குறுநூற்றைத் தொகுத்தார். உருத்திரசன்மர் அகநானூற்றைத் தொகுத்தார். அவர்களுக்கும் ஒரு வேலி தேவைப்பட்டது. எல்லாப் பாட்டையும் எவராலும் தொகுக்க முடியாதல்லவா? அவர்கள் இட்ட வேலி எது? நான்கடி முதல் எட்டடி வரை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. ஓரிரு விலக்குகள் உண்டு, அவை கிடக்கட்டும். அடியை எண்ணினார்கள். பாடியவரின் ஆண்டை எண்ணவில்லை. அரசர் பாட்டு, குறமகள் பாட்டு, கொல்லர் பாட்டு, கூலவாணிகர் பாட்டு என எல்லாம் அடியளவு ஒத்தால் அருகருகே அமர்ந்தன.

அதைவிட வியப்பு ஒன்று உண்டு. தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களைப் பாடியவர் பெயர் கிட்டவில்லை. பெயர் தெரியாதவரை விட்டுவிடலாம் என்று அவர்கள் கருதவில்லை. பாட்டில் இருந்த ஒரு தொடரையே எடுத்துப் பாடியவருக்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் எல்லாம் அப்படி வந்தவர்கள். செம்புலப் பெயனீரார் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பாட்டு. அதைப் பாடியபோது அவருக்கு என்ன வயது? ஆணா, பெண்ணா? என்ன தொழில்? நம் படிவத்தை அவர் நிரப்பியிருந்தால் முதல் மூன்று வரிகளும் வெறுமையாகத்தான் இருக்கும். இணைப்பு மட்டும் இருக்கும்.

இவ்வளவும் சொன்னபின் பட்டியலே வேண்டாம் என்று நான் முடிப்பேன் என எதிர்பார்ப்பீர்கள். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் நம் வட்டத்துத் தம்பி ஒருவர். அச்சகத்தில் வேலை பார்க்கிறார். வயது இருபத்துமூன்று. சென்ற கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என்னிடம், “அம்மா, மலரில் என் படம் வந்துவிட்டால் போதும். அப்பாவிடம் காட்டலாம். ராத்திரி விளக்கெரித்து என்னடா கிறுக்குகிறாய் என்று அப்புறம் கேட்க மாட்டார்” என்றார். நாள்தோறும் பிறருடைய திருமண அழைப்பிதழுக்கும் நினைவஞ்சலிக்கும் படம் பொருத்திக் கொடுக்கும் பிள்ளை அவர். அவரிடம் நான் பூரிக்கோவைப் பற்றிப் பேசினால் அது பேச்சாகுமா? இளமையில் ஒரு கை முதுகைத் தட்டாவிட்டால் எழுதாமலே போய்விடுகிறவர்கள் உண்டு. முதுகைத் தட்டுவதற்கும் பட்டியல் உதவுகிறது. 1983இல் இருபத்தெட்டு வயது இஷிகுரோவின் முதுகை ஒருவர் தட்டியது வீண்போகவில்லை.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. பதின்மர் இருக்கட்டும். நாற்பது என்னும் எல்லையை எடுத்துவிடுங்கள். ‘நாளைய’ என்பதற்கு இதுவரை நூல் வெளியிடாதவர் என்று பொருள் கொள்வோம். அவர் இருபதினராக இருக்கட்டும், எழுபதினராக இருக்கட்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிட வேண்டாம். அகர வரிசை போதும். மலரின் பக்கத்தில் கவிதை முதலில் வரட்டும், முழுமையாக வரட்டும், பெயர் அதன் அடியில் நிற்கட்டும். தேர்வுக் குழுவினர் மூவருக்கும் கவிதைகள் பெயரும் வயதும் மறைத்துத் தரப்படட்டும். படிவங்கள் என்னிடம் இருப்பதால் அதைச் செய்வது செயலாளருக்குச் சிறிது சுமைதான், பொறுத்தருள வேண்டும். ஒளிப்படத்தைப் பற்றி என்ன முடிவு செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நேற்றுவரை வேண்டாம் என்றே எழுதி வைத்திருந்தேன். அந்த அச்சகத் தம்பியை நினைத்து அவ்வரியை அடித்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள்.

நடுவராக இருக்கும் என்மீதும் ஒரு கட்டுப்பாடு இட்டுக்கொள்கிறேன். ஃபோர்ப்ஸ் செய்ததைப்போல நாமும் இருபதாம் ஆண்டு மலரில் இந்தப் பதின்மரைத் திரும்பிப் பார்த்து, யாரைத் தவறவிட்டோம் என்று எழுத வேண்டும். நான் இருந்தால் அக்கட்டுரையை நானே எழுதித் தருகிறேன்.

இதுவரை வந்த படிவங்கள் அறுபத்துமூன்று. நேற்றிரவு அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றில் வயது என்னும் இடத்தில் 39 என்று எழுதி, அதை அடித்து, பக்கத்தில் 41 என்று எழுதியிருக்கிறது. எழுத்து ஒரு பெண்ணுடையதுபோல் தோன்றுகிறது. தகுதி இல்லை என்று தெரிந்தபின்னும் உறையை ஒட்டி, அஞ்சல் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார். பின்னால் நான்கு தாள்கள் நூலால் கோத்து இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நான் இன்னும் படிக்கவில்லை. இன்றைய உங்கள் முடிவு தெரிந்தபின் படிக்கலாம் என்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.